பூஜ்யத்தில் முடியும் பிரஷர்

பிரஷர் ரெஜிஸ்டர் கைக்கு வந்தால், மேல் எண்ணின் (120/80 என்றால் 120) கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இறங்கி வர வேண்டும். டிஜிட்டல் கருவி காட்டியதை அப்படியே எழுதியிருந்தால் 0 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கமும் ஏறத்தாழ பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். டயல் கருவியில் இரண்டிரண்டாகத்தான் கோடு. அங்கே பூஜ்யம் ஐந்துக்கு ஒன்று வரலாம். அதை விட்டு 110/70, 120/80, 130/80 என்று பக்கம் பக்கமாக ஓடினால், கருவியைப் பார்த்து எழுதியதைவிட ஆளைப் பார்த்து எழுதியது அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு அடையாளமும் உண்டு. 138 கும்பலாக நிற்கும். 142 தேடினாலும் கிடைக்காது. 140 தாண்டினால் மறுபடி அளக்க வேண்டும், டாக்டரிடம் அனுப்ப வேண்டும், இன்னொரு ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். வேலை கூடும் இடத்துக்கு ஒரு படி முன்னாலேயே எண் நின்றுவிடுகிறது.

மருத்துவமனைத் தர ஆய்வு என்றதும் ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யூ. என்றுதான் மனம் போகும். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அதைவிட முதலில் பார்க்க வேண்டியது இந்த அளவைத்தான். வீடு தேடிப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசலில் எடுத்தாலும் ஓ.பி.யில் எடுத்தாலும் அடுத்து நடப்பதெல்லாம் அந்த ஒரு எண்ணை நம்பித்தான். கூடக் காட்டினால் ஆயுசுக்கும் தேவையில்லாத மாத்திரை. குறையக் காட்டினால் பக்கவாதம் வந்த பிறகுதான் பிரஷர் இருந்ததே தெரியும்.

அளக்கும் முறை எல்லோருக்கும் மனப்பாடம். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை. முதல் தடவை வருபவருக்கு இரண்டு கையிலும்.

ஓ.பி.யில் காலை பத்து மணிக்கு நடப்பது வேறு. அஞ்செட்டிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்த பாட்டியை ஸ்டூலில் உட்கார வைக்கிறார்கள். ஸ்டூலுக்கு முதுகு கிடையாது. மேசை முழுக்க ரெஜிஸ்டரும் மாத்திரை டப்பாவும், கை வைக்க இடமில்லை, மடியில் வைத்துக்கொள்கிறார். கையில் சுற்றிய பட்டையில் காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே "போன மாச மாத்திரை தீர்ந்துபோச்சாம்மா?" என்று சிஸ்டர் கேட்க, பாட்டி மருமகள் கதையில் ஆரம்பித்துப் பதில் சொல்கிறார். பேச்சு மட்டுமே மேல் எண்ணை 10 மி.மீ. (பிரஷரை அளக்கும் பாதரச மில்லிமீட்டர்) வரை ஏற்றிவிடும். கை 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் ரத்தத்தின் எடையே 7, 8 மி.மீ. கூட்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வில், மேசையில் வைத்த கையோடு ஒப்பிட்டால் மடியில் வைத்த கை மேல் எண்ணைச் சராசரியாக 4 மி.மீ., தொங்கவிட்ட கை 6.5 மி.மீ. கூட்டிக் காட்டியது.

பட்டை விஷயம் இதைவிட மோசம். சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு ஆனது. எல்லை அந்தப் பட்டையிலேயே அச்சிட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. அதே குழுவின் 2023 ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை கட்டியபோது மேல் எண் 19.5 மி.மீ. கூடியது, சின்னப் பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 3.6 மி.மீ. குறைந்தது. பருத்த கை பற்றி எல்லோரும் பேசுகிறோம். நம் பக்கம் காட்டு வேலைக்குப் போகும் வயதான பெண்களின் மெலிந்த கையை யார் நினைக்கிறார்கள்? அவர்களுக்கு அளவு குறைந்து காட்டுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. தையல்காரர் டேப் ஒன்றை மேசைக் காலில் கட்டித் தொங்கவிட்டால் போதும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு சுற்று. ஜாக்கெட் கையை மேலே சுருட்டிவிடுவதும் தப்பு, அது கையை இறுக்கும். தளர்த்த முடியாவிட்டால் திரைக்குப் பின்னால் கழற்றச் சொல்ல வேண்டும். திரை இருக்கிறதா என்பதையும் ஆய்வுப் படிவத்தில் ஒரு கேள்வியாகச் சேர்க்கலாம்.

பாடப்புத்தகத்தில் இல்லாத தவறு ஒன்று உண்டு. அன்றைக்கு சுகர் டெஸ்டும் இருப்பதால் "வெறும் வயித்தோட வாங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். அவர்கள் சொன்னபடி காபி, சாப்பாட்டோடு பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். மாத்திரை போடாத பிரஷர் 160 காட்டுகிறது, டாக்டர் டோஸைக் கூட்டுகிறார், வீட்டுக்குப் போய் ஒழுங்காகப் போட்டதும் தலை சுற்றுகிறது, மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, சுகர் மாத்திரையை மட்டும் சாப்பாட்டுக்கு நிறுத்தி வைக்கச் சொன்னால் இது தீரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அதைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்ல வேண்டியிருக்கும். படிவத்தில் "இன்று காலை பிரஷர் மாத்திரை போட்டாரா?" என்ற ஒரு கட்டம் இல்லாத ஆய்வை நம்ப முடியாது.

ஆய்வைத் தொடங்கும்போது ஆள் போய்ப் பக்கத்தில் நின்றால் அன்று எல்லோரும் ஒழுங்காகத்தான் அளப்பார்கள். அதனால் முதலில் பழைய ரெஜிஸ்டர், பிறகு கருவியின் நினைவகம். அதில் இருப்பதும் எழுதியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நேரில் பார்ப்பது. மாற்றமும் ஒவ்வொன்றாகத்தான். பயிற்சி வகுப்பும் சுவரொட்டியும் கொஞ்ச நாள்தான் தாங்கும், ஆள் மாறினால் போச்சு. நாற்காலியை மாற்றினால் நிற்கும். டோக்கன் வரிசையின் கடைசி மூன்று இடத்துக்கு முதுகுள்ள நாற்காலி போட்டால் 5 நிமிட ஓய்வு தானாகவே கிடைத்துவிடும். யாரும் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. வாரா வாரம் 30 பதிவு எடுத்து, பூஜ்யத்தில் முடிந்தவை எத்தனை என்று ஒரு கோட்டுப் படத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு வாரம் இறங்கியதை வைத்து வெற்றி என்று சொல்லக் கூடாது. முந்தைய நடுக்கோட்டுக்கு (பழைய புள்ளிகளில் பாதி மேலும் பாதி கீழும் இருக்கும்படி போட்ட கோடு) கீழே தொடர்ந்து 6 புள்ளி விழுந்தால்தான் மாற்றம் உண்மை. இதைக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால் ஆராய்ச்சிக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிட வேண்டும். முடித்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது.

அளவு சரியான பிறகும் ஏமாற்றுவது வகுக்கும் எண். "கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் இத்தனை சதவீதம்" என்பதை அந்த மாதம் வந்தவர்களை வைத்துப் போட்டால் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். மாத்திரை வாங்க வராதவர்தான் பெரும்பாலும் பிரஷர் கூடியவர். பென்னாகரம், அரூர் பக்கமிருந்து கட்டட வேலைக்கு பெங்களூரு போனவர்களும், மே, ஜூனில் மாங்கூழ் ஆலைக்குக் கூலிக்குப் போகிறவர்களும் அந்தக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுவார்கள். பதிவு செய்த எல்லோரையும் வகுக்கும் எண்ணாகக் கீழே வைத்து, கடைசி மூன்று மாதத்தில் வராதவரையும் கட்டுப்பாட்டில் இல்லாதவர் என்றே எண்ண வேண்டும். எண் ஒரேயடியாகச் சரியும், மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள். அதற்காகவே பழைய முறைப்படி போட்ட கணக்கையும் பக்கத்திலேயே காட்டி, வராதவர்களின் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்துக் களப்பணியாளர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. பெங்களூரில் இருப்பவர் பண்டிகைக்கு ஊருக்கு வரும் வாரம் எது என்று களப்பணியாளருக்குத்தான் தெரியும்.