150 மீட்டரில் வீடுகள், பெஞ்சில் வெடி: அதிர்வை அடக்கும் முறை

சுரங்கப் பொறியியலுக்குள் காற்றோட்டம், பாறை இயக்கவியல், சுரங்க அளவை என்று பல கிளைகள் உண்டு. அவற்றில் ஊர்க்காரர் வீட்டுச் சுவர்வரை நேராகப் போய்ச் சேருவது வெடிப்பு வடிவமைப்பு. அரியலூர்ப் பக்கத்து மென்மையான சுண்ணாம்புக்கல்லைப் பல இடங்களில் ரிப்பராலேயே (புல்டோசரின் பின்னால் மாட்டிய இரும்புக் கொக்கி) பெயர்த்துவிடலாம். சங்ககிரி, தாழையூத்து போன்ற இடங்களின் படிகச் சுண்ணாம்புக்கல் அப்படி வராது, அங்கே வெடிதான் வழி. அபாய எல்லை 500 மீட்டர் என்பதால், அதற்குள் வீடு இருந்தால் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் அனுமதியும் அதன் நிபந்தனைகளும் முதலில் கைக்கு வரவேண்டும்.

அந்த இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைதான் அளவுகோல். நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத வீடுகளில் அதிர்வின் உச்ச வேகம், அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் நொடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. அதிர்வெண் என்னவென்று வெடித்த பிறகுதான் தெரியும். ஆகவே நாங்கள் எப்போதும் 5-க்கே கணக்குப் போடுகிறோம்.

அடிப்படை வடிவம் இது: துளை விட்டம் 115 மி.மீ., பெஞ்ச் (படிபோல் வெட்டிய பாறைத் தட்டு) உயரம் 8 மீட்டர், பர்டன் (திறந்த முகப்புக்கும் துளைக்கும் இடையிலுள்ள பாறை) 3 மீட்டர், துளைக்குத் துளை 3.6, அடியில் கூடுதல் துளைப்பு 0.8. வாய்ப்பக்கம் 2.8 மீட்டர் ஸ்டெம்மிங் (துளையை அடைக்கும் சில்லு) போக 6 மீட்டருக்கு வெடிமருந்து. அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் 94:6 கலந்த மருந்து இந்தத் துளையில் மீட்டருக்குச் சுமார் 8.5 கிலோ பிடிக்கும். மொத்தம் 51 கிலோ.

இனி அதிர்வு. தூரத்தை, ஒரே நேரத்தில் வெடிக்கும் மருந்து எடையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது அளவிட்ட தூரம் (scaled distance). 150 மீட்டருக்கு 51 கிலோ என்றால் 21. மாறிலியை, அளவிட்ட தூரத்தின் அடுக்கால் வகுத்தால் வருவது அதிர்வு. ஒரு தளத்தில் மாறிலி 500, அடுக்கு 1.5 என்று வைத்துக்கொண்டால் அதிர்வு நொடிக்கு 5.2 மி.மீ., அதாவது எல்லையைத் தாண்டிவிட்டது. இந்த இரண்டு எண்களையும் வேறொரு சுரங்கத்திலிருந்து கடன் வாங்கக் கூடாது. சோதனை வெடிகள் வைத்து, வெவ்வேறு தூரங்களில் சீஸ்மோகிராப் பதித்து, குறைந்தது 25, 30 பதிவுகளை மடக்கைத் தாளில் போட்டுத்தான் எடுக்கவேண்டும். சராசரிக் கோடு போதாது. பாதிப் பதிவுகள் அதற்கு மேலே இருக்கும் என்பதால் 95 சதவீதப் பதிவுகள் கீழே அடங்கும் கோட்டையே எடுக்கிறோம். சீஸ்மோகிராப்பின் உணரியான ஜியோபோனை அஸ்திவாரத்தை ஒட்டிய கெட்டி மண்ணில் புதைத்து, அம்புக்குறியை வெடித்தளம் நோக்கித் திருப்பவேண்டும். திண்ணையிலோ மாடியிலோ வைத்தால் கட்டடத்தின் ஆட்டமும் சேர்ந்து பதிவாகும்.

அதிர்வு கூடினால் பலர் பர்டனை அப்படியே விட்டு மருந்தை மட்டும் குறைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பாறை முன்னால் நகராமல் ஆற்றல் தரைக்குள் இறங்கி, அதிர்வு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யும். பெஞ்சின் அடியில் பாறை உடையாமல் நிற்கும், போல்டர் (பெருங்கல்) பெருகும், அதை உடைக்க மறுபடி வெடி. சரியான வழி டெக்கிங்: துளை நடுவே 1 மீட்டர் ஸ்டெம்மிங் வைத்து மருந்தை இரண்டாகப் பிரித்து, தலா 21 கிலோ. மேல் டெக் முதலில், கீழ் டெக் 25 மில்லி நொடி கழித்து. ஒரே நேரத்தில் வெடிக்கும் எடை 21 ஆனதும் அதே 150 மீட்டரில் கணக்கு 2.7 மி.மீ.க்கு இறங்குகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். 8 மில்லி நொடிக்குள் வெடிக்கும் துளைகளெல்லாம் கணக்கில் ஒன்றே. துளைக்குத் துளை 17, வரிசைக்கு வரிசை 42 மில்லி நொடி கொடுத்தால் தாளில் அழகாகத் தெரியும். முதல் வரிசையின் ஆறாவது துளைக்கு 85, மூன்றாவது வரிசையின் முதல் துளைக்கு 84 என்று எழுதிப் பார்த்தால்தான் இரண்டும் மோதுவது புரியும். டெக் இடைவெளி 25 இருக்கும்போது துளை இடைவெளியும் 25 வைத்தால் முதல் துளையின் கீழ் டெக்கும் அடுத்த துளையின் மேல் டெக்கும் சேர்ந்து வெடிக்கும். ஒவ்வொரு டெக்கின் நேரத்தையும் தனித்தனியே எழுதி, ஏறுவரிசையில் அடுக்கிப் பார்க்காமல் இணைப்புக் கொடுக்கக் கூடாது. நோனெல் (மின்சாரமின்றிக் குழாய்வழி தூண்டும்) டெட்டனேட்டரின் தாமதம் சிறிது முன்பின் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு இவ்வளவு அருகில் இருந்தால் எலக்ட்ரானிக் டெட்டனேட்டருக்கான செலவு நியாயமானதே.

மருந்து நிரப்பும்போது ஒருவர் டேப்பை விடாமல் பிடித்திருக்கவேண்டும். 25 கிலோ மூட்டை கொட்டினால் மருந்து ஏறத்தாழ 3 மீட்டர் உயரவேண்டும். உயரவில்லை என்றால் உள்ளே பொந்து இருக்கிறது. அங்கேயே நிறுத்தி, அந்த இடத்தை ஸ்டெம்மிங்கால் அடைத்துவிட்டு மேலே தொடரலாம். தொடர்ந்து கொட்டினால் ஓரிடத்தில் நூறு கிலோ சேர்ந்து கல் பறக்கும். தண்ணீர் நிற்கும் துளையில் இந்த மருந்து கரைந்துபோகும், அதற்கு எமல்ஷன் கேட்ரிஜ். ஸ்டெம்மிங்குக்குத் துளைத்தூளைவிட 10 மி.மீ. ஜல்லிச் சில்லு நன்றாகப் பிடிக்கும். முன்வரிசையில் முகப்பு உள்வாங்கி பர்டன் 2 மீட்டருக்குக் குறைந்த துளைகளில் அந்த உயரத்துக்கு மருந்தே போடாதீர்கள்.

குழி ஆழமாகி நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் மாறிலியும் அடுக்கும் மாறும். அப்போது சோதனை வெடிகளை மறுபடி முதலிலிருந்து வைக்கவேண்டும்.