அன்னாசிச் சாறும் அரை அங்குலக் குழாயும்

ரங்கூனில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்குவது என் வேலை. படம் எடுப்பது நான்; அறிக்கை எழுதுவது டாக்டர். அந்தக் கோட்டைத் தாண்டி யோசிக்காமலே பல வருடங்களை ஓட்டிவிட்டேன்.

பெகு பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று பிள்ளைகள், நெல் வயல். வலது மேல்வயிற்றில் விட்டுவிட்டு வலி; ஒருமுறை கண் மஞ்சளித்திருக்கிறது. வாயு என்று ஊரில் மருந்து கொடுத்தார்களாம். பிறகு எடுத்த அல்ட்ராசவுண்டில் கல்லீரலுக்குக் கீழே நீர்க்கட்டி. அதற்குமேல் அந்த ஸ்கேனைக் குறை சொல்ல முடியாது. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, குடலிலுள்ள காற்று மறைத்தால் அதில் பிடிபடாது. சிடி ஸ்கேன்தான் சந்தேகத்தைக் கிளப்பியது: வழக்கமாக 6, 7 மில்லிமீட்டர் அகலமுள்ள நாளமே 4 சென்டிமீட்டருக்கு உப்பியிருந்தது. இதைப் பித்தநாளக் கட்டி என்பார்கள்.

“பிறவிக் கோளாறு என்கிறார்கள். இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்ததாம், அண்ணே?” என்று கேட்டார். பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே தெரிந்துவிடும். சிலருக்கு இப்படித் தாமதமாகும் என்றேன்.

பித்தநாளத்தையும் கணையக் குழாயையும் எம்.ஆர்.ஐ.யில் படமெடுக்கும் முறைக்கு எம்.ஆர்.சி.பி. என்று பெயர். அதில் தேங்கிய நீர் வெள்ளையாக ஒளிரும். பித்தமும் கணைய நீரும் தாமே தெரிவதால் ஊசி மருந்து வேண்டியதில்லை. ஆனால் இரைப்பையிலிருக்கும் நீரும் ஒளிர்ந்து படத்தை மறைக்கும். அதற்கு நாங்கள் ஒரு டம்ளர் அன்னாசிச் சாறு கொடுப்போம்; அதிலுள்ள மாங்கனீஸ் அந்த வெளிச்சத்தை அணைத்துவிடும். “வெறும் வயிற்றோடு வரச் சொல்லிவிட்டுச் சாறு கொடுக்கிறீர்களே! அன்னாசி சூடாயிற்றே!” என்று முகம் சுளித்தபடி குடித்தார். பதிவு செய்த பர்மியக் குரல் மூச்சை நிறுத்தச் சொன்னபோது அந்த இரைச்சலில் மிரண்டு அசைந்தார். மைக்கில் நானே தமிழில் சொன்ன பிறகுதான் அசையாமல் கிடந்தார்.

உப்பிய நாளம் முட்டை போன்ற பையாகப் பளிச்சென்று படத்தில் விழுந்தது. பெருமையோடு அனுப்பிவைத்தேன்.

மறுநாள் அறுவை மருத்துவர் தொலைபேசியில் கேட்டார்: “பையை சிடியிலேயே பார்த்துவிட்டேன். கணையக் குழாய் எங்கே வந்து சேர்கிறது?”

என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்தில் நான் எடுத்திருந்தவை தடித்த வெட்டுப் படங்கள். பை எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நின்றது. இரு குழாய்களும் முன்சிறுகுடலின் சுவருக்கு வெளியிலேயே கூடிவிட்டால் சுருக்குத்தசையின் கட்டுப்பாடு இருக்காது. கணைய நீர் மேலேறி பித்தநாளத்தை அரிக்கும். நாளம் உப்புவதற்கு இதுவே காரணம் என்று 1969இல் பாபிட் என்ற மருத்துவர் சொன்னார். இன்றும் பலர் ஏற்கும் கருத்து அது. ஒருகாலத்தில் பையைக் குடலோடு இணைத்துவிட்டு அங்கேயே விட்டுவைத்தார்கள். மிஞ்சிய பையில் சிலருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வந்தது. இப்போது முழுவதும் எடுக்கிறார்கள். கீழே எதுவரை வெட்டலாம் என்று தெரியாமல் கத்தி வைத்தால் கணையக் குழாயில் பட்டுவிடும். வாய் வழியாகக் கருவியை இறக்கி, நாளத்தில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் இ.ஆர்.சி.பி. செய்தால் அந்தச் சந்திப்பு தெளிவாகத் தெரியும்தான். ஆனால் அது கணைய அழற்சியைக் கிளப்பிவிடலாம் என்பதால் அறுவை மருத்துவர் தயங்கினார்.

அந்தப் பெண்ணை மறுபடியும் வரவழைத்தோம். பஸ் செலவை நான் கொடுத்தேன், தவறு என்னுடையது. பாதியில் மின்சாரம் போய், திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. மெல்லிய வெட்டுகளில், கொஞ்சம் சாய்த்து எடுத்தபோது வந்தது: 15 மில்லிமீட்டர் நீளத்துக்கு இரண்டும் ஒன்றாக ஓடும் பொதுக்குழாய். பித்தநாளக் கட்டிகளுக்கு 1977இல் தொதானி என்ற ஜப்பானிய மருத்துவர் வகுத்த ஐந்து வகைகளில் முதல் வகை என்று டாக்டர் அறிக்கை எழுதினார்.

இப்போதெல்லாம் பித்தநாளக் கட்டி என்று சீட்டு வந்தால் முதலில் அந்த அரை அங்குலத்தைத்தான் எடுக்கிறேன். நோயாளி மூச்சுப் பிடித்துக் களைப்பதற்குள் அது முடிந்துவிட வேண்டும். பை எங்கும் ஓடிப்போகாது.