ஸ்டன்னர் ஆடிட்: பேனலில் வோல்டேஜ் காட்டினால் போதாது

பல்லடம் பக்கம் ஒரு கோழி பதப்படுத்தும் ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். ஒருவழியாக ஆடிட் முடிந்தது. மற்றதெல்லாம் சுலபமாகப் போய்விட்டது, பாடாய்ப் படுத்தியது ஸ்டன்னர்தான்: தலைகீழாகத் தொங்கும் கோழியின் தலையைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, கரண்ட் பாய்ச்சி, அறுக்கும் முன் மயக்கும் இயந்திரம்.

வாங்கும் கம்பெனி ஐரோப்பிய விதியை (1099/2009) கேட்டது. அதன்படி தண்ணீர்த் தொட்டியில் ஒவ்வொரு கோழிக்கும் குறைந்தது 4 விநாடி கரண்ட் பாய வேண்டும்; 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே 100 மில்லி ஆம்பியர், 200 முதல் 400 வரை 150, அதற்கு மேல் 1500 வரை 200. இறக்கையில் ரத்தக்கட்டு வருகிறது என்று முன்பு நாங்கள் புகார் சொன்னபோது வந்த சர்வீஸ்காரர், ஃப்ரீக்வென்சியை 350-க்கு ஏற்றிவிட்டு கரண்டைத் தொடவே இல்லை. தொட்டியில் ஒரே நேரத்தில் 12 கோழி, பேனலில் 1.3 ஆம்பியர். வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு 110 மில்லி ஆம்பியர் கூட வராது, 350 ஹெர்ட்ஸுக்கு வேண்டியதோ 150. போன் போட்டால், "வோல்டேஜ் கரெக்டா காட்டுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்கிறார்.

கழுத்தறுக்கும் இடத்தில் நின்று பார்த்தால் தெரியும். தொட்டியைத் தாண்டி வந்த கோழிக்கு வால் பக்கம் சீராக ஏறி இறங்கி மூச்சு ஓடுகிறது, கண்ணைத் தொட்டால் இமைக்கிறது. நினைவு இருக்கும்போதே கத்தி. அதைப் பார்த்த பிறகு எனக்கு ஆடிட்டே இரண்டாம்பட்சம் ஆகிவிட்டது.

கரண்டை ஏற்றினால் அறுக்கும் முன்பே கோழி செத்துப்போகும், ஹலால் சான்றிதழ் போய்விடும் என்று உற்பத்திப் பிரிவில் ஒரே எதிர்ப்பு. சரி என்று 1.8 ஆம்பியருக்கு ஏற்றி (ஒன்றுக்கு 150 மில்லி ஆம்பியர்), அறுக்காமல் சில கோழிகளை லைனிலிருந்து இறக்கிக் கீழே விட்டோம். கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றன. அதோடு வாய் அடைந்தது.

ஆனாலும் நடுநடுவே ஒன்றிரண்டு இமைத்தன. காரணம் ஷாக்கிள், அதாவது கோழியைக் காலைப் பிடித்துத் தொங்கவிடும் கொக்கி. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் வெள்ளையாகப் படிந்து, கால் பிடிக்கும் இடத்தில் கரண்டைத் தடுக்கிறது. பேனல் காட்டுவது மொத்தக் கணக்குதான், எந்தக் கோழிக்குக் குறைந்தது என்று அதில் தெரியாது. ஷாக்கிள்களைக் கழற்றி சிட்ரிக் ஆசிடில் ஊறவைத்துத் தேய்த்து, தொட்டிக்கு முன்னால் கால் நனைய ஒரு ஸ்ப்ரே வைத்த பிறகுதான் நின்றது. ஸ்ப்ரே தண்ணீர் நுழைவுச் சரிவில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வழிந்தால் தலை முங்கும் முன்பே ஷாக் அடித்துக் கோழி துடிக்கும்.

கடைசியில் மாட்டியது காகிதத்தில். மீட்டரின் கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழில் வேறு ஏதோ மீட்டரின் சீரியல் நம்பர்! லேபில் திருத்தித் தரச் சொன்னால் "மீட்டரையே திரும்பக் கொண்டு வாங்க" என்றார்கள், மறுபடி கோயம்புத்தூர். சான்றிதழைக் கையில் வாங்கும்போதே, அங்கேயே நின்று, நம்பரை மீட்டரோடு ஒப்பிட்டுவிடுங்கள்.