வெள்ளகெவி அம்மனுக்கு ஒரு வெள்ளிக் கால்

போன வருஷம் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. மறுபடி எழுந்து நடந்தால் வெள்ளகெவி அம்மனுக்கு வெள்ளியில் கால் செய்து வைப்பதாகப் படுக்கையில் கிடந்தபடியே வேண்டிக்கொண்டாள். தாயி கண் திறந்துவிட்டாள். அம்மா முதலில் வாக்கரை விட்டாள், அப்புறம் கைத்தடியையும் விட்டாள், இப்போது மொட்டைமாடி ஏறி வடகம் பிழிகிற அளவுக்குத் தேறிவிட்டாள். ஆனால் வெள்ளகெவி கொடைக்கானலுக்குக் கீழே மலைச்சரிவில் இருக்கிற ஊர், நடந்துதான் போக வேண்டும். அது அவளால் ஆகாது. நேர்ந்தது அம்மா, நடக்க வேண்டியது நான்.

வெள்ளகெவி எங்களுக்குக் குலதெய்வ ஊர் இல்லை. தாத்தா பெரியகுளத்தில் காப்பிக்கொட்டை வாங்கி விற்றவர். மலையிலிருந்து குதிரை முதுகில் மூட்டை வரும், மூட்டையோடு அந்த ஊர்ச் சேதியும் வரும். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த சாமி அவள்.

தம்பிதான் திட்டம் போட்டான். பெரியகுளத்தில் பஸ் ஏறிக் கொடைக்கானல், ராத்திரி அங்கேயே தங்கல். விடிந்ததும் வட்டக்கானல், டால்பின் நோஸ் பாறைமுனை வழியாக வெள்ளகெவி. அங்கிருந்து கும்பக்கரைக்கு இறங்கித் திரும்பப் பெரியகுளம். ஒரு பெரிய சுற்று, நடை மட்டும் ஒரே பகலில். "பூரா இறக்கம்தான்க்கா, லேசு" என்றான். எங்கே லேசு! கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், கும்பக்கரை அடிவாரம். 1,500 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். மூட்டு தேய்ந்தவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். மழை மாதத்தில் அட்டை கடிக்கும், பாறை வழுக்கும், கும்பக்கரையில் வெள்ளம் வந்தால் அருவிப் பக்கமே விடமாட்டார்கள். அதனால் மாசியில் ஒரு நல்ல நாள் பார்த்து, வனத்துறையிடமும் கேட்டுக்கொண்டு கிளம்பினோம். தேங்காய், பழம், பூ எல்லாம் கீழேயே வாங்கிவிட்டோம். வெள்ளிக் கால் என் இடுப்பில், மஞ்சள் துணியில் முடிந்திருந்தது.

முதல் நாள் சாயந்திரம் குறிஞ்சி ஆண்டவரைப் பார்த்தோம். வெளிநாட்டில் பிறந்து, இலங்கை பொன்னம்பலம் இராமநாதனைக் கட்டிக்கொண்டு நம் மதத்துக்கே வந்துவிட்ட லீலாவதி அம்மையார் 1936-இல் கட்டிய கோவில். பனி விலகினால் அங்கிருந்து பழனி மலை தெரியும். அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் கும்பிட இடமில்லை, அத்தனை செல்போன். முருகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கிறவர்களை என்ன சொல்வது? அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

மறுநாள் வட்டக்கானலில் இறங்கியதுமே சில பேர் சூழ்ந்துகொண்டார்கள். வழி தெரியாது, காட்டுமாடு முட்டும், நாங்கள் வந்தால்தான் ஆச்சு என்று பயமுறுத்தி அவர்கள் கேட்ட தொகைக்கு இன்னொரு வெள்ளிக் காலே வாங்கலாம். நல்லவேளை, கடைவீதிக்கு வந்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த வெள்ளகெவிப் பெரியவர் ஒருவர் "என் பின்னாலேயே வாங்க தாயி" என்றார். அனுப்பியது யாரென்று எனக்குத் தெரியும்.

டால்பின் நோஸ் வரைக்கும்தான் கூட்டம். அதற்குக் கீழே வேரும் கல்லும்தான் படி. இடப்பக்கமோ வலப்பக்கமோ, எப்போதும் ஒரு பக்கம் பாதாளம். எதிரே மூட்டைக் குதிரைகள் வந்தால் மலைச் சரிவோடு ஒட்டி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் ஒதுங்கவே கூடாது என்று பெரியவர் சொல்லிக்கொடுத்தார். 1821-இல் வார்டு என்கிற வெள்ளைக்காரத் துரை வெள்ளகெவியிலிருந்து ஏறிப் போய்த்தான் கொடைக்கானலை அளந்தாராம். அன்றைக்குக் கொடைக்கானல் ஊரே கிடையாது, வெள்ளகெவி இருந்தது.

எல்லையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, ஊர்க்காரர்களும்தான். திரும்பின பக்கமெல்லாம் கோவில், எங்கே மிதிப்பது? நாலு மணி நேரம் ஷூவுக்குள் வெந்த கால் அந்தக் கருங்கல்லில் பட்டதும் உச்சிவரை சுரீர் என்றது. கல் குத்திற்று, வெயில் சுட்டது. அம்மா தாயே என்று ஒவ்வொரு அடிக்கும் வாய் தானாகச் சொல்லிற்று.

பூசாரித் தாத்தா மஞ்சள் துணியை அவிழ்த்தார். வெள்ளித் தகட்டில் அடித்த கால், என் சுண்டுவிரல் நீளம்தான். ஐந்து விரலும் கோடு கோடாகத் தெரிந்தது. கட்டைவிரல் நகத்துக்குக்கூடக் கடைக்காரர் ஒரு கீறல் போட்டிருந்தார். அதைத் தண்ணீரில் கழுவி, நகத்தின்மேல் துளி குங்குமம் வைத்து, அவள் பாதத்தில் சாத்தினார். "யாருக்கும்மா? பேரு, நட்சத்திரம் சொல்லு" என்றார்.

சொல்ல வரவில்லை எனக்கு. அம்மாவின் பேர்தானே, தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அவளைப் புரட்டிப் போட்ட ராத்திரிகள், கழிவறைக்கு என் தோளைப் பிடித்து வைத்த முதல் அடி எல்லாம் ஒன்றாக வந்து அடைத்தது. தம்பிதான் சொன்னான். பூசாரி ஒன்றும் கேட்காமல் கற்பூரத்தட்டை என் பக்கம் கொஞ்ச நேரம் கூடவே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன் பாருங்கள், அதை எழுத எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கொடுத்ததே போதும் தாயி என்று மட்டும் வந்தது.

ஒரு வீட்டில் கடுங்காப்பி கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. இங்கே ஒருவர் விழுந்தால் டோலி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டுதான் மலை இறங்க வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னார் அந்த வீட்டு அக்கா. அம்மா விழுந்தபோது எங்கள் தெருமுனைக்கே ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கும் சேர்த்து இன்னொரு முறை எல்லையில் விழுந்து கும்பிட்டேன்.

கும்பக்கரை இறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொடை நடுங்கிற்று, தண்ணீர் தீர்ந்தது, தம்பி பேசுவதை நிறுத்திவிட்டான். பொழுது சாயும் முன்னே அருவிச் சத்தம் கேட்டுவிட்டது. அதுவும் அவள் கருணை.

அடிவாரத்தில் சிக்னல் கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். பூசை எப்படி நடந்தது, தேங்காய் எப்படி உடைந்தது என்று ஒன்று விடாமல் கேட்டாள். அப்புறம், "தம்பிக்கு இந்த ஆவணிக்குள்ள பொண்ணு அமைஞ்சா ஜோடியா நடத்தியே கூட்டிட்டு வர்றேன்னு வேண்டியிருக்கேன், அவன்கிட்டச் சொல்லு" என்றாள். சொன்னேன். அவன் பாறைமேல் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.