அண்ணனுக்குக் கல்லீரல் இடப்பக்கம்

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். மார்கழி கடைசி வாரம், சம்பா கதிர் முற்றிக்கொண்டிருந்தது. ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள் என்பதால் முறைத் தண்ணீர் வரும் நாளைத் தவறவிட முடியாது. விடியற்காலையில் மடை திறக்கப் போன அண்ணன், வாய்க்கால் கரையில் கொக்கு சுட வந்திருந்த பையன்களின் ஏர்கன் குண்டை வயிற்றில் வாங்கிக்கொண்டு திரும்பினார். இடது விலாவுக்குக் கீழே உளுந்து அளவில் ஒரு ஓட்டை. சட்டையில் ரத்தம் ஒரு ரூபாய் அகலத்துக்குக்கூட இல்லை.

முதலில் போன ஆஸ்பத்திரியில் டிடி ஊசி போட்டு, பஞ்சு வைத்து ஒட்டி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மத்தியானத்துக்குள் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது, இருமினாலே துடித்தார். 108-ஐக் கூப்பிட்டுத் தஞ்சாவூர் கொண்டுபோனோம். ஏர்கன்தானே என்று யாரும் அசட்டையாக இருக்காதீர்கள். வெளியே தெரியும் ஓட்டையை வைத்து உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று சொல்லவே முடியாது.

கேஷுவாலிட்டியில் எக்ஸ்ரே எடுத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, இடம் வலம் மாற்றிக் குறித்துவிட்டோம் என்று நினைத்து இன்னொரு முறை எடுத்தார். இசிஜியும் தாறுமாறாக வந்தது. வயர் மாறிவிட்டது என்று நர்ஸ் எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி ஒட்டினார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் உறைக்கவில்லை. அப்போதுதான் ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டார்: "அவனுக்கு நெஞ்சு வலப்பக்கம்டா, டாக்டர்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதில் இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்த விஷயம் அது. இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம், மண்ணீரல் வலப்பக்கம், குடல்வால்கூட இடப்பக்கம். கண்ணாடியில் பார்ப்பது போல வயிறும் நெஞ்சும் மொத்தமாக மாறிய அமைப்பு. சைட்டஸ் இன்வெர்சஸ் என்கிறார்கள், சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்குமாம். அதனால் அவருக்கு ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை, ஆகவே வீட்டில் எல்லோரும் மறந்தே போயிருந்தோம்.

ஓடிப்போய்ச் சொன்னதும் சர்ஜன் முகம் மாறியது. எக்ஸ்ரே கவரின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு வயிற்றை வரைந்தார். "தம்பி, இந்த இடத்துல குண்டு போனா எங்களுக்கு முதல் பயம் மண்ணீரல். உங்க அண்ணனுக்கு இங்க இருக்கிறது கல்லீரல். பிரஷர் நல்லா இருக்கு, அதனால சி.டி. எடுத்துப் பார்க்க நேரம் இருக்கு. பிரஷர் இறங்கியிருந்தா நேரா தியேட்டருக்குத்தான் கொண்டு போயிருப்போம். அப்ப நீங்க வாயால சொல்றது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சி.டி.யில் எல்லாம் தெரிந்தது. குண்டு கல்லீரல் ஓரத்தை உரசி, பெருங்குடலைத் துளைத்து, முதுகுத் தசையில் போய் நின்றிருந்தது. குடலுக்கு வெளியே காற்று கசிந்திருந்தது, ஆகவே ஆபரேஷன் தவிர வேறு வழியில்லை. மயக்க டாக்டர் வந்து அடிக்கடி சளி, சைனஸ் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். இப்படிப் பிறந்தவர்களில் நாலைந்து பேரில் ஒருவருக்குச் சுவாசக் குழாயில் சளியை வெளியே தள்ளும் நுண்முடிகள் சரியாக வேலை செய்யாதாம், மயக்கம் கொடுக்கும்போது அது தெரிந்திருக்க வேண்டுமாம். அண்ணனுக்கு அப்படி எதுவும் இல்லை.

மூன்று மணி நேரம் ஆனது. வயிற்றின் நடுவே நேர்கோடாகத் திறந்தார்கள். எந்த உறுப்பு எந்தப் பக்கம் இருந்தாலும் அந்த வழியாக எட்டிவிடலாமாம். வழக்கமாக நோயாளிக்கு வலது கைப் பக்கம் நிற்கும் சர்ஜன், அன்றைக்கு இடப்பக்கம் மாறி நின்றதாகச் சொன்னார். சிறுகுடலை முதலிலிருந்து கடைசி வரை விரலால் உருவிப் பார்க்க வேண்டும், அதன் தொடக்கமே அண்ணனுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. இன்னொன்றும் சொன்னார், அதை நான் மறக்கமாட்டேன். குடலில் ஓட்டைகளை எண்ணும்போது இரட்டைப்படையில் வர வேண்டுமாம். குண்டு உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது ஒன்று. ஒற்றைப்படையில் நின்றால் இன்னொன்று எங்கேயோ ஒளிந்திருக்கலாம் என்று மறுபடி தேடுவார்களாம். அண்ணனுக்கு இரண்டு. இரண்டையும் தைத்தார்கள். கல்லீரலில் கசிவு தானாகவே நின்றிருந்தது. முதுகிலிருந்த குண்டைத் தோண்டப் போனால் சேதம் கூடும் என்று விட்டுவிட்டார்கள், அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இது போலீஸ் கேஸ். ஏஆர் (விபத்துப் பதிவேடு) போட்டு, ஆஸ்பத்திரியில் இருக்கும் போலீஸ் அவுட்போஸ்டுக்குத் தகவல் போய்விடும், அதற்காக வைத்தியம் நிற்காது, பயப்பட வேண்டாம். ஆனால் சட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். நான் அதைப் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்ப, அண்ணி அலசிப் போட்டுவிட்டார். அப்புறம் ஏட்டு வந்து கேட்டபோது, ஓட்டை மட்டும் இருந்த வெளுத்த சட்டையைத்தான் கொடுக்க முடிந்தது.

அதன் பிறகு மூக்கில் குழாய், வயிற்றில் குழாய், தினமும் காலையில் "காத்து பிரிஞ்சுதா?" என்ற ஒரே கேள்வி. நாலாம் நாள் பிரிந்தது. அன்றைக்கு அண்ணி அழுதுவிட்டார். ஐந்தாம் நாள் கஞ்சித் தண்ணீர், பத்தாம் நாள் வீடு. ஒவ்வொரு ஷிப்டுக்கும் புதிதாக வரும் நர்ஸிடம் நானே முதலில் போய்ச் சொல்வேன்: "சிஸ்டர், இவருக்கு எல்லாம் பக்கம் மாறி இருக்கும்."

டிஸ்சார்ஜ் சம்மரியின் தலையில் சர்ஜன் சிவப்பு மையில் அதை எழுதிக் கொடுத்தார். நாளைக்குக் குடல்வால் வலி வந்தால் இடப்பக்கம்தான் வரும் என்றும் சொல்லி அனுப்பினார். அந்தப் பக்கத்தைச் சுருக்கி லேமினேட் செய்து, ஆதார் கார்டோடு அண்ணனின் போன் கவரில் வைத்திருக்கிறேன். ஒரு நகல் அண்ணியிடம், ஒன்று என் பர்ஸில். அம்மா தனக்கும் ஒன்று வேண்டும் என்றார், சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.