உருளல் கணக்கில் எந்தப் புள்ளியைப் பற்றித் திருப்பம் எடுப்பது?

உயர்தரப் பிள்ளைகளோடு பௌதிகவியல் கணக்குச் செய்ய உட்கார்ந்தால், உருளல் வந்ததும் ஒரே கேள்விதான்: "சேர், மையத்தைப் பற்றித் திருப்பம் (விசையின் சுழற்றும் விளைவு) எடுக்கிறதா, தரையைத் தொடும் தொடுபுள்ளியைப் பற்றியா?" வெள்ளவத்தையில் ஒரு வகுப்பில் ஒரு மாதிரிச் செய்கிறார்கள், பம்பலப்பிட்டியில் இன்னொரு வகுப்பில் மற்ற மாதிரி. விடை மட்டும் இரண்டிலும் ஒன்றாக வந்து பிள்ளையை இன்னும் குழப்பிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த வழி இதுதான்: எந்த விசையைப் பற்றிக் கவலைப்பட விருப்பமில்லையோ, அது போகும் புள்ளியில் அச்சை வையுங்கள். சாய்தளத்தில் வழுக்காமல் உருளும் திண்ம உருளையை எடுத்தால், உராய்வும் செவ்வன் மறுதாக்கமும் தொடுபுள்ளியூடாகவே போகின்றன, மிஞ்சுவது நிறை மட்டும். சமாந்தர அச்சுத் தேற்றத்தால் சடத்துவத் திருப்பம் (சுழற்சி மாற்றத்துக்குப் பொருள் காட்டும் தடை) திணிவு × ஆரை வர்க்கத்தின் அரை மடங்கிலிருந்து ஒன்றரை மடங்காகும், ஆர்முடுகல் ஈர்ப்பின் சாய்தளக் கூறில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டே வரி. உராய்வையே கேட்டிருந்தால் மையத்துக்குப் போங்கள். நிறையின் சாய்தளக் கூறில் மூன்றில் ஒரு பங்கு என்று வரும்.

நூல்கட்டைக் கணக்கில்தான் தொடுபுள்ளியின் அருமை தெரியும். புறக்கோட்டையில் வாங்கக்கூடிய, இரு பக்கமும் விளிம்பு உள்ள சாதாரண நூல்கட்டை போதும். வழுக்காத துணியில் வைத்து, நூல் கீழ்ப்பக்கமாக வரும்படி கிடையாக மெதுவாக இழுங்கள். நூல் கழன்று கட்டை உங்களை விட்டு ஓடும் என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். ஆனால் கட்டை நூலைச் சுற்றிக்கொண்டே உங்களிடம் வரும்! இழுவிசையின் கோடு தொடுபுள்ளிக்குக் கொஞ்சம் மேலே போகிறது, அதனால் உங்கள் பக்கமாகத்தான் திருப்பம். இப்போது நூலை மெல்ல உயர்த்துங்கள். ஒரு கோணத்தில் அந்தக் கோடு தொடுபுள்ளியூடாகவே போகும், கட்டை உருளாமல் நிற்கும், பலமாக இழுத்தால் சும்மா வழுக்கும். அதையும் தாண்டி உயர்த்தினால் எதிர்ப்பக்கம் உருளத் தொடங்கும். உள் ஆரை வெளி ஆரையில் பாதி என்றால் அந்தக் கோணம் 60 பாகை. மையத்தைப் பற்றியும் இதைச் செய்யலாம்தான், ஆனால் உராய்வு எந்தப் பக்கம் என்று முதலில் தலையைப் பிய்க்கவேண்டும்.

அதற்காகத் தொடுபுள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. சில்லில் தரையைத் தொடும் துணிக்கையின் வேகம் அந்தக் கணத்தில் பூச்சியம், ஆர்முடுகல் பூச்சியம் அல்ல. அது மேல்நோக்கி, சில்லின் மையத்தைப் பார்த்து இருக்கிறது. சீரான சில்லில் திணிவு மையமும் அங்கேயே இருப்பதால் தப்பித்தோம். ஒரு தகரப்பேணிக்குள் ஒரு பக்கத்தில் களிமண்ணை ஒட்டி உருட்டினால் திணிவு மையம் விலகிவிடும், பிறகு தொடுபுள்ளியைப் பற்றி "திருப்பம் = சடத்துவத் திருப்பம் × கோண ஆர்முடுகல்" என்ற சமன்பாட்டை அப்படியே எழுதினால் பிழை. ஓய்விலிருந்து விடும் முதற்கணத்துக்கு மட்டும் சரிவரும்.

லொறித் தட்டில் கிடக்கும் உருளையும் இப்படித்தான். லொறி ஆர்முடுகும்போது தொடுபுள்ளியைப் பற்றி எடுத்துவிட்டு "திருப்பம் பூச்சியம், ஆகவே சுழலாது" என்று எழுதுவார்கள். தொடுபுள்ளியே லொறியோடு ஆர்முடுகுகிறதே! மையத்தைப் பற்றிச் செய்தால், வழுக்காத திண்ம உருளை நிலத்தைப் பொறுத்து லொறியின் ஆர்முடுகலில் மூன்றில் ஒரு பங்கோடு முன்னே போகிறது, சுழலவும் செய்கிறது.

வழுக்கிக்கொண்டு புறப்படும் பந்து, உதாரணமாக நடுவில் அடிபட்ட பில்லியர்ட்ஸ் பந்து, வந்தால் பந்திலுள்ள புள்ளியை விட்டுவிட்டு மேசையில் அதன் பாதையிலேயே ஒரு நிலையான புள்ளியை எடுங்கள். உராய்வு அந்தக் கோட்டிலேயே இருப்பதால் கோண உந்தம் காக்கப்படுகிறது, கடைசியில் உருளும் வேகம் ஆரம்ப வேகத்தில் ஏழில் ஐந்து பங்கு. உராய்வுக் குணகம் தேவையே இல்லை. ஆனால் எவ்வளவு தூரம் வழுக்கியது என்று கேட்டால் குணகம் இல்லாமல் ஒன்றும் நடக்காது.