மாத்திரைக்கு முன்னால் சொல்ல வேண்டியவை

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் யானைக்கால் நோய்த் தடுப்புக்கான சுகாதாரக் கல்விப் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில், மக்களிடம் மருந்தைப் பற்றிப் பேசுவது குறித்து எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. மருந்தின் நன்மையைச் சொல்வதற்கு முன்பே, அதை விழுங்கிய பின் உடம்பில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

2004இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட திட்டத்தின்படி, நோய் பரவியுள்ள மாவட்டங்களில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையாக நோய்வாய்ப்பட்டவர்கள் தவிர மற்ற எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை, யானைக்கால் புழுக்குஞ்சுகளைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரையை விழுங்க வேண்டும். பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று. அதனுடன் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரை ஒன்று. கால் வீங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, இந்த நோயை உண்டாக்கும் புழு உடம்பில் குடியேறிவிடுகிறது. அதன் குஞ்சுகள் ரத்தத்தில் திரிந்துகொண்டிருக்கும்போதும் அந்த மனிதர் எந்தக் குறையும் இல்லாமல் வயலுக்குப் போய்வந்துகொண்டிருப்பார். அவரைக் கடிக்கும் கொசுதான் பக்கத்து வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகிறது. ஆகவே திட்டத்தின் நியாயம் தெளிவானது. ஆனால் “எனக்கு ஒரு நோயும் இல்லையே, நான் எதுக்குச் சாப்பிடணும்?” என்று கேட்பவரின் நியாயமும் அதே அளவு தெளிவானது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவில் சொல்லிக்கொண்டு போகும் அறிவிப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

குடமுருட்டிக் கரையில் உள்ள ஊர் ஒன்றில், வயதான அம்மா ஒருவர் விளக்கு மாடத்திலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் கொடுத்த மாத்திரைகள், விபூதி மடித்த காகிதத்துக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தன. “வேண்டாம்னு சொன்னா நர்சம்மா மனசு சங்கடப்படும், அதான் வாங்கி வச்சுக்கிட்டேன் தம்பி” என்றார். முந்தைய ஆண்டு அதை விழுங்கிய இரவே மருமகளுக்குக் காய்ச்சலும் தலைசுற்றலும் வந்திருக்கின்றன. இப்படி வரக்கூடும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பதிவேட்டிலோ அந்த வீடு மருந்து பெற்ற வீடு. அந்தக் காய்ச்சல் ரத்தத்திலிருந்த புழுக்குஞ்சுகள் சாவதால் வருவது, ஓரிரு நாளில் தானே தணிந்துவிடும், உண்மையில் மருந்து வேலை செய்கிறது என்பதற்கே அது அடையாளம் என்று நான் விளக்கியபோது, அவர் கேட்ட கேள்வி மிகச் சரியானது: “இதப் போன வருசமே சொல்லியிருக்கலாமே?”

அதன் பிறகு எங்கள் பகுதிச் செவிலியர்களும் நானும் சொல்லும் வரிசையை மாற்றிக்கொண்டோம். வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது. இன்று இரவு காய்ச்சல் வரலாம். வந்தால் இன்ன காரணம். தாங்க முடியாவிட்டால் இன்னாரைக் கூப்பிடுங்கள். இவற்றைச் சொன்ன பிறகே மாத்திரையைக் கையில் கொடுத்து, எங்கள் முன்னிலையிலேயே விழுங்கச் சொன்னோம். பக்கவிளைவைச் சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் சிலர் தயங்கினார்கள். நான் கண்டவரை, மக்களைப் பயமுறுத்தியது சொல்லாமல் வந்த காய்ச்சல்தான். நடவுக் காலத்தில் விடியற்காலையிலேயே பெண்கள் வயலுக்குப் போய்விடுவதால், சாப்பாட்டுக்குப் பிந்திய மாலை நேரத்துக்கு எங்கள் சுற்றையும் மாற்ற வேண்டியிருந்தது.

ரத்தப் பரிசோதனை இதைவிடக் கடினமானது. இரவு எட்டரை மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? புழுக்குஞ்சுகள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் தங்கி, இரவில்தான் தோலை ஒட்டிய ரத்தத்துக்கு வருகின்றன. அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவும் இரவில்தான் கடிக்கிறது. இதைப் பள்ளிக்கூடத் திண்ணையில் நுண்ணோக்கி வைத்து, புதுச் சொட்டு ரத்தத்தில் நெளியும் குஞ்சுகளைக் காட்டிச் சொன்னபோது, இளைஞர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். கும்பகோணத்துத் தண்ணீரால்தான் யானைக்கால் வருகிறது என்று தலைமுறைகளாக நம்பியவர்களும் பார்த்தார்கள். இந்தப் புழு கொசுவின் உடலில் வளர்வதைப் பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் 1877இலேயே கண்டறிந்துவிட்டார். நம் தெருவுக்கு அந்தச் செய்தி வந்துசேர இத்தனை காலம் ஆனதற்கு மக்களின் அறியாமையைக் காரணம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை; அந்தத் தண்ணீர் நம்பிக்கையிலும் ஒரு பாதி உண்மை உண்டு, ஏனெனில் அந்தக் கொசு பெருகுவது சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும்தான்.

சுவரொட்டிகளில் பெருத்த கால்களின் படத்தைப் பெரிதாக அச்சிடுவதை நான் கடைசிவரை எதிர்த்தேன். அந்தக் காலோடு அதே தெருவில் நடப்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி வேறு: தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றி ஈரமில்லாமல் துடைத்தால் அடிக்கடி நெறி கட்டி வரும் காய்ச்சல் குறையும், நான்காம் நிலை எனப்படும் மிக முற்றிய வீக்கம் உள்ளவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் அரசு உதவித்தொகை உண்டு. ஓதம் எனப்படும் விரைவீக்கமும் இதே புழுவால் வரக்கூடியது, அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்பதைக் கூட்டங்களில் வெளிப்படையாகவே சொல்வோம். அதைக் கேட்டு அப்போதே எழுந்து வருபவர் எவருமில்லை. ஆகவே கூட்டம் முடிந்தபின் ஆண் சுகாதார ஆய்வாளர் ஒருவர் டீக்கடைப் பக்கம் சற்று நேரம் தனியாக நிற்பதையும் எங்கள் ஏற்பாட்டிலேயே சேர்த்துக்கொண்டோம். விசாரிக்க வேண்டியவர்கள் அவரிடம்தான் வந்தார்கள்.